துரை கேட்ட நேரம்

செண்பகவல்லி டீச்சர் வகுப்பில் பேசுவது கொஞ்சம்தான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மும்மூன்று பேராக உட்காரவைத்து, இயற்பியல் கணக்குகளைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். அவர் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று பேருக்கும் புரிந்த பிறகுதான் விடையை எழுத வேண்டும்.

நஸ்ரின், ஜெபின், இசக்கிதுரை மூவரும் ஒரு குழு. நஸ்ரின் வேகமானவள். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அவளுக்குப் பாதி விடை வந்துவிடும். ஜெபின் தப்புத்தப்பாகப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துத் தானே சிரிப்பான். துரை நிதானம். ஏன் என்று கேட்காமல் ஒரு வரியையும் தாண்ட மாட்டான். அவன் கேள்விகள் நஸ்ரினுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவன் வராத நாளில் கணக்குப் போடுவது சப்பென்று இருக்கும்.

துரையின் அப்பா பெயிண்டர். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தவர், சாரம் சரிந்து கீழே விழுந்து இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தபோது துரை பள்ளிக்குத் திரும்பினான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

அன்று மாலைச் சிறப்பு வகுப்பில் கேள்வி வாசிப்பது நஸ்ரினின் முறை. வாசித்தாள்.

“இருபது மீட்டர் உயரத்தில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும், அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தவறிக் கீழே விழுகிறார். தரையைத் தொடும்போது அவரது திசைவேகம் என்ன?”

ஜெபின் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான்.

“என்னல? காலை எடு. இதுல நிறையைக் கொடுத்திருக்கது நம்மள ஏமாத்தத்தான். அது தேவையே இல்ல. யாரு விழுந்தாலும் ஒரே வேகம்தான். ரெண்டு ஜி ஹெச், அதுக்கு ரூட். வினாடிக்கு இருபது மீட்டர். முடிஞ்சுது.”

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்றான்.

“எதுக்கு?”

“கீழ வர.”

“ரெண்டு செகண்ட்.”

பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் துரை பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நஸ்ரின் டீச்சரைத் தேடி ஆய்வகத்துக்குப் போனாள். அவர் லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

“நான் கணக்கைத்தானே டீச்சர் போட்டேன்?”

“விடை என்ன வந்துச்சு?”

“வினாடிக்கு இருபது மீட்டர்.”

“சரியான விடை.”

நஸ்ரினுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

“அவன் பக்கத்துல இருக்கதையே மறந்துட்டேன் டீச்சர். கணக்கு கண்ணுல பட்டா எனக்கு வேற எதுவும் தெரிய மாட்டேங்குது. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கட்டுமா?”

“கேளு. பரவாயில்லன்னு சொல்லிடுவான். உனக்கு மனசு லேசாயிடும். அவனுக்கு?”

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“அவன் கடைசியா என்ன கேட்டான்?”

“எவ்வளவு நேரம்னு கேட்டான்.”

“கேள்வியில நேரம் கேட்டிருக்கா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். திசைவேகம் மட்டும்தான் கேட்டிருந்தது.

“இல்ல டீச்சர்.”

“அப்போ அவன் போட்டுக்கிட்டு இருந்தது வேற கணக்கு. அது என்னன்னு கேட்டுட்டு வா.”

“கேட்டு, எனக்கு அது தெரியலன்னா?”

“தெரியலன்னு சொல்லு.”

நஸ்ரின் ஜெபினையும் கூட்டிக்கொண்டு துரையின் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா மடியில் பீடி இலை பரப்பிய சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் சொளகை இறக்கி வைத்தாள்.

“வாங்க மக்கா. ஸ்கூலுக்குப் போன்னா போக மாட்டேங்கான். சோறும் சரியாத் திங்கல. அங்க யாரும் ஏதும் சொன்னாங்களா?”

“நான்தாம்மா சொன்னேன்,” என்றாள் நஸ்ரின்.

அந்த அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பின்னால இருக்கான், போய்ப் பாருங்க,” என்றாள்.

துரை துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான்.

“சாரி சொல்ல வந்தியாக்கும்?”

“இல்ல. அன்னைக்கு நீ என்ன கணக்குப் போட்டேன்னு கேக்க வந்தேன்.”

அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. ஜெபின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். நஸ்ரின் நின்றபடி இருந்தாள். அவள் அவசரப்படுத்தவில்லை.

“எங்கப்பா நின்னது மூணாவது மாடி,” என்று ஆரம்பித்தான். “பத்து மீட்டர்னு வச்சுப் போட்டுப் பாத்தேன். ஒன்றரை செகண்ட்கூட வரல. தப்பாப் போட்டுட்டேனோன்னு திரும்பத் திரும்பப் போட்டேன். அதேதான் வருது.”

“ம்.”

“அதுக்குள்ள என்ன முடியும், சொல்லு? பயம் வாரதுக்கே அந்த நேரம் சரியாப் போயிருக்கும்லா?”

கையிலிருந்த குச்சியை ஒடித்துக் கீழே போட்டான்.

“பயந்துக்கிட்டேதான் செத்திருப்பாரு. அம்மாவை நினைக்க, என்னைய நினைக்க, அவருக்கு நேரம் இருந்திருக்குமா? அதான் எனக்குத் தெரியணும். எந்தப் பார்முலாவுலயும் அது வர மாட்டேங்குது.”

ஜெபின் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

நஸ்ரினுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நினைச்சிருப்பாரு, கண்டிப்பா நினைச்சிருப்பாரு என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வார்த்தையாகத் துரை, ‘எப்படிச் சொல்லுத?’ என்று கேட்பான்.

“எனக்குத் தெரியல துரை,” என்றாள். கல்லின் ஓரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து அவன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். துரை ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தான்.

“டீச்சர்ட்ட கேப்பமா?” என்றாள் நஸ்ரின்.

“இதையெல்லாம் போய்க் கேக்க முடியுமா?”

“நான் கேக்கேன். நீ பக்கத்துல மட்டும் நில்லு.”

மறுநாள் துரை பள்ளிக்கு வந்தான். மாலை மணி அடித்த பிறகு மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். நஸ்ரின்தான் பேசினாள். எந்தக் கேள்வியையும் தடுமாறாமல் வாசிக்கிறவளுக்கு இந்த ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. விழுகிற நேரம் இவ்வளவுதான் என்றால், அதற்குள் ஒரு மனுஷன் தன் பிள்ளையை நினைக்க முடியுமா?

டீச்சர் துரையைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்தார். துரையின் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மூடினார்.

“உங்கப்பாவை நினைக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்து பார்ப்போம். நினைக்க ஆரம்பிக்கும்போது ஒரு தடவை அமுக்கு. அவர் முகம் வந்ததும் இன்னொரு தடவை அமுக்கு.”

துரை கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தான்.

மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. ஜெபின் மூச்சு விடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். துரை அமுக்கவில்லை. துரையின் முகவாய் கோணியது. அப்பா இறந்த நாளிலிருந்து யார் முன்னாலும் அழாதவன் அங்கே நின்று அழுதான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. நஸ்ரின் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து டீச்சர் கேட்டார்.

“ஏம்ப்பா, அமுக்கலையா?”

“முடியல டீச்சர்.” மூக்கை உறிஞ்சினான். “அமுக்கதுக்கு முன்னாலயே வந்துட்டாரு.”

டீச்சர் அவன் கையிலிருந்து ஸ்டாப் வாட்சை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“அப்போ அன்னைக்கு அவர் நினைப்புல நீ மட்டும் லேட்டாவா வந்திருப்ப?”