எதிரே வருவது

ஏரி வறண்டு மூன்று கோடைகள் ஆகியிருந்தன. ஞாயிறுதோறும் காலையில் அதன் படுகையில் சிலர் கூடி, ரிமோட்டில் இயங்கும் சிறு தெர்மாகோல் விமானங்களைப் பறக்கவிட்டனர். அவர்களுக்குக் கற்பித்தவர் அங்கயற்கண்ணி. வயது முப்பத்தெட்டு. மற்ற நாள்களில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்.

அவரிடம் புதிதாகக் கற்க வந்தவர் கேப்டன் தேவசகாயம். வயது ஐம்பத்தொன்பது. இருபத்தாறு ஆண்டுகள் பயணிகள் விமானம் ஓட்டியவர். இதயம் சீராக இல்லை என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததால், சென்ற தை மாதம் அவருடைய உரிமம் பறிபோயிற்று.

முதல் நாள் அங்கயற்கண்ணி சொன்னார்: "போகும்போது சிரமமில்லை, கேப்டன். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகிவிடும். அப்போது அதற்குள் உட்கார்ந்துகொண்டு ஓட்ட வேண்டும்."

கேப்டன் புன்னகைத்தார். "உள்ளே உட்கார்வதை எனக்கா சொல்லித் தருகிறீர்கள், அம்மா?"

அன்றே முதல் விமானம் விழுந்தது. திரும்பி வருகையில் சற்றுச் சாய்ந்தது. கேப்டன் நிமிர்த்த முயன்றார். மேலும் சாய்ந்தது. ரிமோட்டின் குச்சியை அதே பக்கம் இன்னும் அழுத்தினார். தரையில் மோதியது. மறு ஞாயிறு இரண்டாவதும் அவ்வாறே விழுந்தது.

உடன் பயிலும் ராவுத்தர் பலசரக்குக் கடைக்காரர். சிதறிய தெர்மாகோல் துண்டுகளை ஒரு சாக்கில் பொறுக்கியபடி கேட்டார்: "அடுத்த வாரம் பெரிய சாக்காகக் கொண்டு வரட்டுமா, கேப்டன்?"

கேப்டன் சிரிக்கவில்லை. அங்கயற்கண்ணியிடம் சொன்னார்: "நூற்றெண்பது பேரைச் சுமந்து மழையிலும் இறங்கியவன் நான். இந்த அரைக் கிலோவை இறக்க முடியவில்லை. ஏன், அம்மா?"

"அடுத்த ஞாயிறு வாருங்கள்."

"வருகிறேன். மூன்றாவதும் உடைந்தால் பிறகு வரமாட்டேன். எனக்கு மிச்சமிருப்பது இந்த ஏரிக்கு மேலே இருக்கும் வானம் ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால், இல்லை என்று வீட்டில் இருந்துகொள்வேன்."

மூன்றாம் ஞாயிறு வந்தது. அங்கயற்கண்ணி விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்தார். கரைக்கு அருகே ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அதன் இருபுறமும் வெட்டிப் போட்ட கருவேல முள். கேப்டனை அதன் ஒரு முனையில் நிறுத்திவிட்டு, மறுமுனைக்குச் சென்று கைக்குட்டையால் தம் கண்களைக் கட்டிக்கொண்டார்.

"இடது, வலது. இரண்டு சொல் போதும். என்னை உங்களிடம் கொண்டுவந்து சேருங்கள்."

நடக்கத் தொடங்கினார். பத்தடியில் பாதையைவிட்டுச் சற்று விலகினார்.

"இடது" என்றார் கேப்டன்.

அங்கயற்கண்ணி தம் இடப்பக்கம் திரும்பினார். முள் நெருங்கியது.

"இடது. இன்னும் இடது."

இன்னும் திரும்பினார். முள் காலில் ஏறியது.

"நில்லுங்கள், அம்மா."

"விமானம் நிற்காது, கேப்டன்." அடுத்த அடியை எடுத்து வைத்தார். ராவுத்தர் சாக்கை எறிந்துவிட்டு ஓடி வந்தார். காலடி ஓசை கேட்டு, "ராவுத்தர், அங்கேயே இருங்கள்" என்றார் அங்கயற்கண்ணி.

கேப்டன் அங்கயற்கண்ணியின் இடக்கையைப் பார்த்தார். பிறகு தம் இடக்கையைப் பார்த்தார். சட்டென முதுகு காட்டித் திரும்பி நின்றுகொண்டு, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி நோக்கினார். இப்போது அவருடைய இடப்பக்கமும் அங்கயற்கண்ணியின் இடப்பக்கமும் ஒரே பக்கமாயின.

"வலது" என்றார். "வலது. இன்னும் கொஞ்சம் வலது. இப்போது இடது."

சற்று நேரத்தில் ஒரு கை அவர் தோளில் வந்து பட்டது.

"பெட்டியைத் திறங்கள்" என்றார் அங்கயற்கண்ணி.

மூன்றாவது விமானம் எழுந்தது. ஏரியின் மறுகரைவரை சென்று திரும்பியது. கேப்டன் அதற்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாகப் பார்த்தபடி நின்றார். ஓர் இறக்கை தாழ்ந்தது. நிமிர்த்தினார். நிமிர்ந்தது. தத்தித் தத்தி மண்ணில் இறங்கியபோது ஒரு சக்கரம் மட்டும் கழன்று உருண்டது.

ராவுத்தர் சாக்கை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "ஒரு சக்கரத்துக்குச் சட்டைப் பை போதும்."

அங்கயற்கண்ணி தரையில் அமர்ந்து, ஊக்கால் காலிலிருந்த முள்ளைக் கிளறிக்கொண்டிருந்தார். கேப்டன் எதிரே வந்து குந்தினார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அம்மா. இரண்டு விமானங்களும் பிழைத்திருக்கும். உங்கள் காலும்."

முள் வெளியே வந்தது. அங்கயற்கண்ணி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"முதல் நாளே சொன்னேன், கேப்டன். அன்று உங்கள் எதிரே வந்தது வெறும் தெர்மாகோல்."