பொன்னாத்தாளின் திறந்த பூட்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தம் நாட்டில் யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது என்று திடீரென்று ஆசை வந்தது. அந்த ஆசையை ஊதிவிட்டவர் அமைச்சர் அரிகேசரி. சாவடிகள் எல்லாம் அவர் கையில். போகிற வருகிற ஓலைகளை அங்கே பிரித்துப் படிப்பார்கள்.

இதில் அடிபட்டவள் பொன்னாத்தாள். மீசைக்குக் கறுப்புச் சாயம் காய்ச்சி விற்கிறவள். இன்று என்றால் வலைத்தளம் போட்டிருப்பாள். அன்று சாயம் கேட்டு ஓலைதான் வரும். சாவடிக்காரர்கள் அதை உரக்கப் படித்துச் சிரித்தால் எந்த ஆண்பிள்ளை மறுபடி எழுதுவான்? கடையை மூடும் நிலைக்கு வந்துவிட்டாள். அரசவை விகடகவி தாண்டவராயனிடம் போய் அழுதாள். யாராவது அழுதால் அவனுக்குச் சோறு இறங்காது.

"ஓலைகளைப் பெட்டியில் பூட்டி அனுப்ப அனுமதியுங்கள், அரசே" என்று அவையில் கேட்டான்.

அரிகேசரி முந்திக்கொண்டார். "பூட்டட்டும். ஆனால் பூட்டுகிறவன் தன்னிடம் உள்ள சாவியைச் சாவடியில் கொடுத்துவிட வேண்டும். மறைத்தால் அந்தச் சாயக்காரி கடையை மூட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தாண்டவராயன் நேரே கொல்லன் பட்டறைக்குப் போனான். அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டுகளைக் கூடை கூடையாகச் செய்வித்தான். எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான். அது பொன்னாத்தாள் இடுப்பில் இருந்தது. திறந்த பூட்டுகள் மட்டும் சந்தைகளுக்குப் போயின. சாயம் வேண்டுகிறவன் பெட்டியில் ஓலையை வைத்து, பூட்டை மாட்டி அழுத்தினால் போதும்.

"சாவி எங்கடா?" என்று மிரட்டினான் சாவடிக்காரன்.

"எங்கிட்ட ஏது சாமி சாவி? பூட்டுனது நாந்தான், தொறக்க என்னாலயும் முடியாது!"

உத்தரவை யாரும் மீறவில்லை. சாயம் மறுபடி கொதித்தது. அமைச்சருக்கு வயிறு எரிந்தது.

சும்மா இருப்பாரா? அச்சு அசலாக அதேபோல் பூட்டுகள் செய்து, பொன்னாத்தாள் பூட்டு என்று சந்தையில் பரப்பினார். அவற்றின் சாவி அவரிடம். சாவடிக்கு வரும் பெட்டியைத் திறந்து படித்துவிட்டு, பொன்னாத்தாளின் உண்மையான பூட்டை மாட்டி அனுப்பிவிடுவார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்படியிருக்கையில் ராஜாவுக்கும் மீசை நரைத்தது. அவரும் ரகசியமாக ஒரு பெட்டி அனுப்பினார். மறுநாள் அரிகேசரி அவர் மீசையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ராஜா தாண்டவராயனைத் தனியே அழைத்தார். "அந்தப் பூட்டை வேறு யாராலும் திறக்க முடியாது என்றாயே! என் ரகசியம் எப்படி வெளியே போனது என்று கண்டுபிடி. இல்லையேல் அவள் கடையும் இல்லை, உன் பதவியும் இல்லை."

ராஜாவுக்குப் பூட்டு வாங்கிய அதே சந்தையில் தாண்டவராயனும் ஒரு பூட்டு வாங்கி அழுத்திப் பார்த்தான். பொன்னாத்தாளின் சாவி உள்ளே திரும்பவே இல்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதேபோல் இன்னொரு பூட்டு வாங்கி, ராஜாவின் முத்துமாலையை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி அவைக்குக் கொண்டுவந்தான். "இதைத் திறக்கிறவருக்கே மாலை என்பது அரசர் வாக்கு."

பொன்னாத்தாள் முயன்றாள், முடியவில்லை. கொல்லனும் கைவிரித்தான். முத்துமாலை என்றதும் அரிகேசரியின் கை தானாக மடிக்குப் போனது. "ஏதோ ஒரு பழைய சாவி. பொருந்துகிறதா பார்க்கலாம்" என்றார். பூட்டு சடக்கென்று திறந்துகொண்டது.

"அமைச்சரே, பொன்னாத்தாள் பூட்டுக்குத் தங்களிடம் சாவி எப்படி வந்தது?" என்று பணிவாகக் கேட்டான் தாண்டவராயன்.

அரிகேசரி சாவியை மறுபடி மடியில் செருகப் பார்த்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொன்ன சொல் தவறாமல் மாலையை அமைச்சர் கழுத்தில் போட்டுவிட்டு, சாவடிகளைப் பிடுங்கிக்கொண்டார். அன்று முதல் பொன்னாத்தாளின் பூட்டுகளைச் சோதித்து அரச முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாததை யாரும் வாங்கவில்லை. இன்று வலைத்தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று தெரிகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான்.

ராஜா தமக்கென்றும் அப்படி ஒரு பூட்டு செய்வித்துக்கொண்டார். "தாண்டவராயா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஓலையில் எழுதி, தங்கள் பூட்டைப் போட்டு அனுப்புகிறேன், அரசே. ஒருவன் ஆசைப்பட்டுக் கேட்பதை ஊரே அறிய வேண்டுமா என்ன?"

ராஜா மீசையைத் தடவிக்கொண்டு மறுபடியும் சிரித்தார். யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது என்ற ஆசை அந்தச் சிரிப்போடு போயிற்று. தாண்டவராயன் என்ன கேட்டான், ராஜா என்ன கொடுத்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். சாவி ராஜாவிடம் அல்லவா இருந்தது!