கிழக்கே தலைமாடு

"நான் ஊருக்குப் போறேன் சாமி."

உபதேசியார் சந்தியாகுவின் கையில் துணிப்பை இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தொழுநோய் இல்லத்தில் புண் கழுவிக் கட்டுப் போட்ட கை அது.

மரியநேசன் சாமியார் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் சந்தியாகு குருவாக ஏற்றுக்கொண்டது அவரைத்தான். கோபித்துக்கொள்ள வந்ததும் அவரிடம்தான்.

சாமியார் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கயிறும் முளைக்குச்சியுமாக நின்றிருந்தார்.

"என்ன குறை?"

"இத்தனை வருஷம் கட்டுப் போட்டேனே, ஒரு விரலாவது முளைச்சுதா? நான் சோறு ஊட்டின சனமெல்லாம் இங்க மண்ணுக்குள்ள கிடக்கு. நேத்து குருசுமுத்தையும் புதைச்சாச்சு. இல்லத்துல இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. அவங்க மேலயும் நானே மண்ணைத் தள்ளணுமா? மனசு விட்டுப்போச்சு சாமி."

"சரி, போங்க. பஸ் நாலு மணிக்குத்தானே? அதுவரைக்கும் இந்தக் கயித்தைப் பிடிங்க. என் குழிக்கு அளவெடுக்கணும்."

"உங்களுக்கு என்ன அவசரம்? கல்லுக்குண்டு மாதிரி இருக்கீங்க."

"பிடிங்க உபதேசியாரே."

பிடித்தார். பழக்க தோஷத்தில் தலைமாட்டுக் குச்சியை மேற்கே ஊன்றினார். நாற்பத்தொரு குழிக்கும் அப்படித்தான் ஊன்றியிருக்கிறார். தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார்; இறந்தவர்கள் குறையில்லாத உடம்போடு எழுவார்கள். எழுந்து உட்கார்ந்ததும் நேரே அவர் முகத்தைப் பார்க்கலாம்.

சாமியார் அந்தக் குச்சியைப் பிடுங்கிக் கிழக்கே நட்டார்.

"தலைமாடு மாறிப்போச்சு சாமி! இப்படிப் படுத்தா, ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்ல எழும்புவீங்க?"

"சாமிமாரை இப்படித்தான் வைக்கிறது. ஏன்னு தெரியணும்னா குச்சிகிட்ட நின்னு திரும்பிப் பாருங்க."

சந்தியாகு நின்று திரும்பினார்.

எதிரே நாற்பத்தொரு சிலுவைகள்.

முதல் வரிசையில் பெர்னதம்மா. மூக்கில்லாத முகத்தை முந்தானையால் மூடியே காலம் கழித்தவள். அடுத்து மிக்கேல். விரல் இல்லாததால் ஜெபமாலையைப் பல்லால் உருட்டியவன். கடைசியில், ஈர மண்ணுக்குள், இரண்டு காலும் இல்லாத குருசுமுத்து.

"எழும்புறவங்க ஆண்டவரைப் பார்ப்பாங்க," என்றார் சாமியார். "நான் அவங்களைப் பார்க்கணும்."

சந்தியாகு ஒவ்வொரு சிலுவையாகப் பார்த்தார். பெர்னதம்மாவின் முழு முகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. குருசுமுத்து எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் என்றும் அவருக்குத் தெரியாது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. துணிப்பை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

குனிந்து, குச்சியை இரண்டு கையாலும் இன்னும் ஆழமாக அழுத்தினார்.

"இந்த இடம் எனக்கு. கட்டுப் போட்டது நான்."

"அப்ப நான்?"

"கொஞ்சம் தள்ளிப் படுத்துக்குங்க சாமி. இப்ப வழிய விடுங்க, அஞ்சு பேருக்குக் கட்டு மாத்தணும்."