சமையற்காரனுக்குப் பெரிய பேர்

காட்டூர் ஜமீன்தாருக்கு, பேர் எப்படியோ ஆளும் அப்படித்தான் என்று ஒரு நம்பிக்கை. ஒருநாள் சமையற்காரனைக் கூப்பிட்டு, "குப்பன் சமைச்சா சோறும் குப்பைதான். நாளைக்குள்ள பெரிய பேரா வச்சுக்கோ. இல்லைன்னா வேலையை விட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. இவனையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, அம்மா வைத்த பேர் அது. அதை விட அவனுக்கு மனமில்லை. வேலையை விடவும் வழியில்லை.

மறுநாள் கைகட்டி நின்றான். "எஜமான், உங்க அப்பா கம்பீரராயர் பேரைவிடப் பெரிய பேர் இந்தச் சீமையில உண்டா? அதையே வச்சுக்கறேன்."

ஜமீன்தார் பூரித்துப்போய்த் தலையாட்டினார்.

மதியம் விருந்து. சாம்பாரில் உப்புக் கரித்தது. "டேய் கம்..." என்று தொடங்கிய ஜமீன்தார் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பாவை 'டேய்' போட்டுக் கூப்பிட முடியுமா? மனைவியைப் பார்த்தார். மாமனார் பேரை வாயால் சொல்லாத அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேறு வழியில்லாமல், "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

"நீங்க சொன்னது சரிதான் எஜமான், பேர் மாறினதும் பெரிய மனுஷனாயிட்டேன். சமையல்தான் மறந்துபோச்சு" என்றபடி வந்தான் அவன்.

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் பந்தியே குலுங்கியது.

"போடா குப்பா! போய் வேற சாம்பார் வை!" என்றார் ஜமீன்தார்.