தட்டில் விழுந்த கீறல்

மாசிலாமணி மடத்துக்குள் வந்தபோதே முகம் சிவந்திருந்தது. கும்பிடக்கூட இல்லை. கையிலிருந்த லேப்டாப்பைச் சாமியின் முன்னால் டொக்கென்று வைத்தார்.

சாமி என்று அங்கே கூப்பிடுவது மடத்தின் குருவான வெள்ளையம்மாளை. மாசிலாமணியைவிட வயதில் சின்னவர்தான். டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாசிலாமணி, கோபத்தை விடவேண்டும் என்று சொல்லித்தான் அவருக்குச் சீடரானார். கோபம் விட்டபாடில்லை.

"இதுவும் என்னைக் கைவிட்டுருச்சு, சாமி."

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில் தம்பி குலசேகரன், "பெத்தவளைப் பட்டினி போட்டே கொன்னவன்" என்று சபையில் இவரைப் பார்த்துக் கத்தினான். உறவுக்காரர் ஒருவர் அதை வீடியோ எடுத்திருந்தார். இப்போது தம்பி, அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் கூடும்போது வீடியோவைப் போட்டு அவன் முகத்தில் கரி பூசவேண்டும். வேறு காப்பி கிடையாது. தினமும் போட்டுப் பார்த்துப் பல்லைக் கடித்த அந்த வீடியோ, இந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. போன வாரம் டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் ஆரம்பித்தது.

என்ன சத்தம் என்று சாமி விசாரித்தார்.

"உள்ளே தட்டு சுத்தும். அதைப் படிக்கிற ஹெட், தட்டைத் தொடாம மிதந்துக்கிட்டே படிக்கும். முடி நுழையக்கூட இடம் இருக்காது. கெட்டுப்போச்சுன்னா தட்டு மேலேயே இறங்கிரும். அந்தச் சத்தந்தான் இது."

"கடைக்கு இப்படி ஒண்ணு வந்தா என்ன சொல்வீங்க?"

"திரும்ப ஆன் பண்ணாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்குவேன். போடப் போடக் கீறும். கீறின இடம் பொடியாப் போயிரும். கடவுளே வந்தாலும் அதுல இருந்ததை எடுக்க முடியாது."

"நீங்க எத்தனை தடவை போட்டீங்க?"

ஊருக்குத்தான் உபதேசம். மாசிலாமணி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கணக்கில்லை, சாமி. அவனை நினைச்சா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"வேற என்ன இருக்கு இதுல?"

"ஆஸ்பத்திரியில அம்மா பேசின வீடியோ. எனக்கும் தம்பிக்கும்னு சொல்லிப் பேசினாங்க."

"என்ன சொன்னாங்க?"

மாசிலாமணிக்குக் குரல் இறங்கியது. "அதை இன்னும் கேக்கலை."

சாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். மாசிலாமணி விடவில்லை. எட்டி, ஆன் பண்ணும் பட்டனில் விரலை வைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, சாமி. எல்லாமும் வராது. ஒரு வீடியோவையாவது எடுத்துருவேன்."

"எதை?" என்றார் சாமி.

மாசிலாமணி விரலை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.