கால் அசையாத கல்யாணம்

அந்தக் காலத்தில் கழுதைப்புலிக்கும் வாய்ப்பேச்சு உண்டு. அதிலும் எத்தியோப்பிய மலைநாட்டுக் கழுதைப்புலி இருக்கிறதே, சர்க்கரையாகப் பேசும். பேசிக்கொண்டே ஆளைத் தின்னும்.

ஒருநாள் அது ஊருக்குள் வந்து, "இந்த மண் என்னுடையது. பாடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மண்ணை மிதித்து ஆடினால் மட்டும், ஆடினவர் எனக்கு" என்றது. எந்த மூலையில் யார் ஆடினாலும் அதன் பாதத்துக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஊரில் வெர்க்னேஷ் என்று ஒருத்தி. அவள் புருஷன், பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் காலைத் தட்டி ஆடிவிட்டான், பாவி மனுஷன். வாசலில் நிழல் தட்டியது. அப்புறம் அவன் போர்த்தியிருந்த வெள்ளைத் துணிதான் மிச்சம். அந்தத் துணியில்தான் அவள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

அவள் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பட்டப்பகலிலேயே மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பாணன் தெசேமா ஒற்றைத் தந்தி மசின்கோவை வில்லால் இழுத்துப் பாட, சனங்கள் நட்ட கம்பமாக நின்றார்கள். கல்யாண வீடா அது? பனிக்குள்ளிருந்து கழுதைப்புலி வந்து வாசலை அடைத்து உட்கார்ந்தது. தெசேமா பாட்டை நிறுத்தினான்.

"ஏன் நிறுத்துகிறாய்? பாடு, பாடு" என்றது அது.

அந்த நேரம் பார்த்து வெர்க்னேஷின் பிள்ளை வீறிட்டது.

"ஐயோ, பாவம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாட்டுக்கு நாலு எட்டு ஆடேன், தாயே" என்றது கழுதைப்புலி, கொஞ்சலாக.

அவள் அசையவில்லை. பிள்ளை இன்னும் கத்தியது. கழுதைப்புலி எழுந்து கிட்டே வந்தது. அதன் மூச்சு அவள் முழங்காலில் பட்டது.

"எனக்கு அழுகை பிடிக்காது. நீ நிறுத்துகிறாயா, நான் நிறுத்தட்டுமா?"

வெர்க்னேஷுக்கு ஈரக்குலையே நடுங்கியது. பாதங்களைத் தரையோடு அழுத்திக்கொண்டாள். தோளை மட்டும் குலுக்கினாள். முன்னும் பின்னும், மேலும் கீழும், பாட்டின் தாளத்துக்கே குலுக்கினாள். "உஸ்... உஸ்..." என்று மூச்சுவிட்டாள். முதுகில் பிள்ளை குலுங்கிக் குலுங்கி அடங்கியது.

"என்னடி, ஆடுகிறாயா?" என்று உறுமியது அது.

"ஆட்டமா? பயத்துல நடுங்குறேன், ஐயா."

கழுதைப்புலி அவள் பாதத்தைப் பார்த்தது. மண்ணில் காதை வைத்துக் கேட்டது. ஒன்றுமில்லை. அதன் முகம் மலர்ந்துவிட்டது, மடப்பயலுக்கு. "நடுங்கு, நன்றாக நடுங்கு!"

தெசேமா புரிந்துகொண்டான். வில்லை வேகமாக இழுத்தான். மணப்பெண்ணின் தோள் குலுங்கியது, மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது, வீடே குலுங்கியது. ஒரு காலும் நகரவில்லை. "எல்லாருக்கும் என்னிடம் எவ்வளவு பயம்!" என்று பூரித்துப்போய், காய்ந்த வயிற்றோடு கழுதைப்புலி பனிக்குள் நடந்தது. பயம் பொய்யில்லை. ஆட்டமும் பொய்யில்லை.

அன்று முதல்தான் அந்த மலைநாட்டார் காலை அடக்கித் தோளால் ஆடுகிறார்கள். இன்றைக்குப் பெரிய மேடையில், வண்ண விளக்கடியில் ஆடுகிறவர்களும் நடுநடுவே "உஸ்... உஸ்..." என்று மூச்சுவிடுவது முதுகில் பிள்ளை இருந்த அந்த நாளால்தான்.