கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

"ஆளுக்கொரு ஊசியைப் பிரிச்சு, காட்டி, தொட்டுட்டு உடனே தூக்கிப் போடுறீங்களே மேடம். எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார் டாக்டர் சவரிராயன்.

டாக்டர் ஜமீலா எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்துக்கு நேரே ஒரு ஊசி உறையைக் கிழித்தார்.

"புதுசு. பார்த்துக்கிட்டீங்களா? இப்ப கண்ணை மூடிக்கோங்க."

அந்த ஆள் மூடிக்கொண்டார். பாதத்தில் அங்கங்கே ஊசி தொட்டது. "கூரா, மொட்டையா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் பதில் சொல்லாத இடத்திலெல்லாம் ஜமீலா பேனாவால் நீலப் புள்ளி வைத்தார். முடிந்ததும் ஊசி வெள்ளை டப்பாவுக்குள் போய் விழுந்தது.

சவரிராயனுக்குப் பொறுக்கவில்லை.

அவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. ஊரில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருப்பவர். ஜமீலாவைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். சர்க்கரை வந்து கால் மரத்துப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் இந்தப் பெண்ணை மிஞ்ச ஆள் கிடையாது என்று கேள்விப்பட்டு, கற்றுக்கொள்ள வந்திருந்தார். தன்னைவிடச் சின்னவரிடம் படிக்க வர ஒரு மனசு வேண்டும். அது அவரிடம் இருந்தது. கூடவே வீம்பும் இருந்தது.

அந்த வீம்பை அவர் கோட்டுக் காலரில் குத்தி வைத்திருந்தார். வெள்ளித் தலை வைத்த ஒரு ஊசி. அவருடைய வாத்தியார், நரம்பு வைத்தியத்தில் பெரிய பெயர் எடுத்தவர், தன் காலரிலிருந்து உருவி இவர் காலரில் செருகிவிட்டது. அந்தக் காலத்து நரம்பு டாக்டர்கள் பலர் அப்படித்தான். காலரிலிருந்து எடுப்பார்கள், குத்திப் பார்ப்பார்கள், திரும்பக் காலரிலேயே செருகிக்கொள்வார்கள்.

"இதைப் பாருங்க மேடம். ஒரு பொட்டுத் துரு உண்டா? ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா பளபளன்னு ஆயிடும்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா இங்கே வேண்டாம் சார்."

"ஏன்னு சொல்லுங்களேன்."

"சொல்றேன், பொறுங்க."

அதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். "வர்ற வரைக்கும் நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜமீலா எழுந்து போனார்.

ஆண்டியப்பன் என்று ஒரு லாரி டிரைவர் வந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது.

"காமாலையா?"

"ஆமாய்யா. என்ன காமாலைன்னு பார்க்க இப்பதான் ரத்தம் எடுத்தாங்க. காலு மரத்துக் கிடக்கு, அதையும் காட்டிட்டு வான்னு அனுப்பினாங்க."

மேஜை டிராயர் நிறையப் புது ஊசி இருந்தது. சவரிராயனின் கை காலருக்குத்தான் போனது.

குத்தினார். ஆண்டியப்பன் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் பேசவில்லை. பாதத்தில் கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. பஞ்சால் அதை ஒற்றி எடுத்தார். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். அது காலருக்குத் திரும்பியது.

அடுத்து பேச்சிக்கனி. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். உட்கார்ந்ததும் காலை நீட்டி, யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் சொல்லவே இல்லையேம்மா?"

"நீங்க வேற சொல்லணுமாக்கும். இங்கன வந்தா எனக்குப் பயமே கிடையாதுய்யா" என்றார் பேச்சிக்கனி, கண்ணைத் திறக்காமல்.

சவரிராயன் காலரிலிருந்து ஊசியை உருவினார்.

"சார்."

வாசலில் ஜமீலா நின்றிருந்தார். குரல் உயரவில்லை. ஊசியைப் பார்த்தார். வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஆண்டியப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"பேச்சிக்கனியம்மா, கொஞ்சம் பெஞ்சுல உக்காருங்க. முதல்ல சாருக்குப் பார்த்துடுறேன்."

"எனக்கா?" ஊசியைக் காலரில் செருகிக்கொண்டே சவரிராயன் சிரித்தார்.

"உங்களுக்கும் சர்க்கரை இருக்குன்னு சொன்னீங்கல்ல."

"அது கிடக்கு மேடம். என் காலு கல்லு மாதிரி இருக்கு."

"அதான் பார்ப்போம்னு சொல்றேன். கோட்டைக் குடுங்க. ஷூவைக் கழட்டுங்க."

கோட்டை வாங்கித் தன் நாற்காலி முதுகில் மாட்டினார் ஜமீலா. சவரிராயன், பேச்சிக்கனி எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"கண்ணை மூடுங்க."

மூடினார். மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. ஜமீலாவின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து அவருக்கு அலுத்துப் போனது.

"ஆரம்பிங்க மேடம்."

"முடிஞ்சது சார்."

கண்ணைத் திறந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலிலிருந்து குதிகால் வரைக்கும் நீலப் புள்ளிகள். ஒரு புள்ளியில் ஊசி முனையளவு சிவப்பு.

எத்தனையோ பேர் காலில் பார்த்ததுதான். ஆனாலும் தன் கால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படி அடங்கிப் போயிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தான் இங்கேயே உட்கார்ந்திருக்க, தன் உடம்புக்குள் ஒரு ஊசி வந்து போயிருக்கிறது. அதை நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

நிமிர்ந்தார். ஜமீலாவின் இரண்டு கையும் வெறுங்கையாக இருந்தன. அவர் முதுகுக்குப் பின்னால் கோட்டு தொங்கியது. காலரில் வெள்ளித் தலை மின்னியது.

"எந்த ஊசியில குத்தினேன் சார்?" என்று கேட்டார் ஜமீலா.

ஆண்டியப்பனின் மஞ்சள் கண் சவரிராயனின் நினைவுக்கு வந்தது. அது ரத்தத்தில் தொற்றுகிற காமாலையாக இருந்தால், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததில் போயிருக்காது.

வெறுங்காலோடு எழுந்து போய்க் கோட்டை எடுத்தார். ஊசியை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுத்தமாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு இல்லை. காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"பார்த்துச் சொல்லுங்க. உங்க ஊசிதானே?"

"தெரியல மேடம்."

"நல்லாப் பாருங்க."

"பார்த்தா எப்படித் தெரியும்? நான் கண்ணை மூடிட்டுல்ல இருந்தேன்." ஊசியை ஜமீலாவிடம் நீட்டினார். "தயவுசெஞ்சு சொல்லிடுங்க மேடம். எது?"

ஜமீலா குனிந்து, காலடியில் கிடந்த கிழிந்த உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளை டப்பாவைக் காட்டினார். உள்ளே, எல்லாவற்றுக்கும் மேலே, புது ஊசி ஒன்று கிடந்தது.

"உங்க ஊசியை நான் தொடவே இல்லை."

அப்பாடா என்று சவரிராயன் மூச்சு விட்டார். விட்டவர் பெஞ்சைப் பார்த்தார். பேச்சிக்கனி அவரைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அந்தப் பக்கம் இன்னும் நிறையப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊர்ல எங்கிட்ட இதே ஊசியில எத்தனை பேர் மேடம்," என்று மெதுவாக ஆரம்பித்தார் சவரிராயன். முடிக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"எல்லாரையும் கூப்பிட்டு ரத்தம் பார்க்கணும். ஒருத்தர் விடாம."

"நானும் வர்றேன் சார்" என்றார் ஜமீலா.

சவரிராயன் வெள்ளித் தலை ஊசியை ஒருமுறை விரலால் தடவினார். டப்பாவுக்குள் போட்டார்.

"வரலாமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே பேச்சிக்கனி வந்து உட்கார்ந்தார். காலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

சவரிராயன் டிராயரிலிருந்து ஒரு புது உறையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மூடாதீங்கம்மா," என்றார். "முதல்ல இதைப் பாருங்க."